பத்தாயச் சாவியும் ஒரு பை ஆப்பிளும்

வாடா மருமவனே, ஒக்காரு. அந்த நாற்காலி ஆடும், இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்க. கையில என்ன, ஆப்பிளா? ஆறு மாசத்துக்கு ஒருக்கா எட்டிப் பாக்கறவன், அதுவும் வெறுங்கைய வீசிக்கிட்டு வர்றவன், இன்னிக்குப் பையோட வந்திருக்கே. ஒண்ணு, மாமனுக்கு முடியலன்னு எவனோ பொரளி கெளப்பியிருக்கணும். இல்லாட்டி ஒனக்குக் காரியம் ஆவணும். நான் நல்லாத்தான் இருக்கேன். அப்ப ரெண்டாவதுதான். சொல்லு.

ஓ, எல்பிஏவா. புத்தி கலங்கிப்போனா நமக்காக முடிவெடுக்க ஆளப் போட்டு இந்தச் சிங்கப்பூர்ல முன்கூட்டியே எழுதி வைக்கற பத்திரம்.

"அப்பாகிட்ட நீங்க எடுத்துச் சொல்லுங்க மாமா, நான் சொன்னா கோவிச்சுக்குவாரு." இதுக்குத்தான் பொங்கோல்லேருந்து யீஷூன் வரைக்கும் ரயிலேறி வந்தியாக்கும். மந்திரம் நான் சொல்றேன், புத்துல கைய நீங்க வுடுங்கங்கற கத.

ஒங்கப்பன், எம் மச்சான், எப்பேர்ப்பட்ட ஆளுன்னு எனக்குத் தெரியாதா? வெளக்க அணைச்சிட்டியான்னு கேட்டா மொறைப்பாரு, குளிர வச்சிட்டியான்னுதான் கேக்கணும். வீட்டுல எண்ணெய் தீந்துபோச்சுன்னு எந்தங்கச்சி ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிட்டு, அன்னிக்குப் பூரா வாங்கிக் கட்டிக்கிட்டா. அந்த மனுசங்கிட்டப் போயி, "மச்சான் மச்சான், ஒங்களுக்குப் புத்தி பேதலிச்சா யாரு பாத்துக்குவா?"ன்னு கேக்கணும் நானு. நல்லா இருக்குடா யோசன.

ஒன்னையும் ஒண்ணு கேக்கறேன். மவ கல்யாணத்துக்கு மண்டபம் எப்பப் புடிச்சே? ரெண்டு வருசத்துக்கு முன்னாடி. அரசாங்க வீட்டுக்கு எழுதிப் போட்டுட்டு எத்தன வருசம் காத்துக் கெடந்தே? நாலு. தீபாவளிக்கு ஊருக்குப் போவ மாசியிலயே டிக்கெட்டு. புதுப் போன் வாங்கினா, கண்ணாடி ஒடையறதுக்கு முன்னாடியே அதும்மேல இன்னொரு கண்ணாடி ஒட்டறே. கண்ணாடிக்கு மேல ஒறை, ஒறைக்கு மேல காப்பீடு. அவ்வளவு முன்யோசனக்காரன்டா நீ. கழுத்துக்கு மேல இருக்கறது ஒண்ணுக்குத்தான் ஒறையும் இல்ல, காப்பீடும் இல்ல. அது கீழ விழுந்தா ஒடையாதுன்னு நெனப்பு.

எங்க தாத்தா கத ஒனக்குத் தெரியாது. ஒங்கம்மாவுக்கே அரைகொறையாத்தான் தெரியும், அப்ப அவ கைக்கொழந்த. மன்னார்குடிக்குத் தெக்க நம்ம ஊரு. கூடத்துல ஆளுசரத்துக்கு மேல ஒசந்த பத்தாயம் ஒண்ணு. அறுப்பு முடிஞ்சா நெல்லு பூராவும் அதுக்குள்ளதான். அதுக்கு ஒரே பூட்டு, ஒரே சாவி. சாவி தாத்தாவோட அரணாக்கயித்துல தொங்கும். குளிக்கறப்பவும் அவுக்க மாட்டாரு. நடந்தா கிளிங் கிளிங்னு சத்தம் கேக்கும், நாங்க வெளையாட்ட நிறுத்திட்டு நல்ல புள்ளைங்களா ஒக்காந்துக்குவோம். எங்கப்பாவுக்கு அப்ப கல்யாணமாயி நாலு புள்ளைங்க. இருந்தாலும் ஒரு மரக்கால் நெல்லு வேணும்னா தாத்தாகிட்டப் போயி நிக்கணும்.

ஒரு ஆடி மாசம் தாத்தாவுக்கு வாதம் அடிச்சிது. வலப்பக்கம் விழுந்து, வாயும் கோணிப்போச்சு. உசிரு போவல. ஆனா ஆளத் தெரியல. பாட்டியப் பாத்து "யாருடி நீ"ன்னு கேட்டாரு. எல்லாம் மறந்துபோன மனுசனுக்கு ஒண்ணு மட்டும் மறக்கல. இடுப்புச் சாவி. யாராவது கிட்டப் போனா இடது கையால அதப் பொத்திக்கிட்டு "திருடன், திருடன்"னு கத்துவாரு. பெத்த புள்ள போனாலும் திருடன்தான். பதினஞ்சு நாளு, பத்தாயம் நெறைய நெல்ல வச்சிக்கிட்டு, எங்கப்பா செட்டியார் கடையில கடனுக்கு அரிசி வாங்குனாரு. கடைசியில ஆசாரியக் கூப்புட்டு, பத்தாயத்துப் பொறத்தாலப் பலகைய ஒளியால பேத்து எடுத்தாரு. கெழவரு பாத்துக்கிட்டே படுத்திருந்தாரு, கண்ணுலேருந்து தண்ணி ஊத்துது.

அது பத்தாயம். ஆசாரியக் கூப்புட்டு ஒடைச்சிடலாம். பேங்க ஒடைக்க எந்த ஆசாரியடா கூப்புடுவே?

நான்தான் மவனாச்சேங்கறே. அங்கதான் எல்லாரும் வழுக்கி விழுறான். மவன்ங்கறது ஒறவு, அதிகாரம் இல்ல. பொண்டாட்டியும் அப்படித்தான். அறுபது வருசம் குடும்பம் நடத்துன பொம்பளையா இருந்தாலும், புருசன் பேருல தனியா இருக்கற கணக்குலேருந்து ஒரு காசு எடுக்கத் தாலி சாவி ஆவாது. எனக்கு மேல ஏழாவது மாடியில ஒரு பொம்பள இருந்துச்சே, மீன்கொழம்பு கொண்டாந்து குடுக்கும், அதேதான். அது புருசனுக்கு மூளையில ரத்தக்கசிவு. ஆறு மாசம் ஆசுபத்திரி, அப்புறம் நர்சிங் ஹோம். அஞ்சறை வீடு, ரெண்டு பேரு பேருலயும் இருக்கு. வித்துட்டு மூணறைக்குப் போனா மிச்சக் காசுல அந்த மனுசனப் பாத்துக்கலாம்னு கணக்குப் போட்டுச்சு. நல்ல கணக்குதான். ஆனா விக்கறதுக்கு ரெண்டு கையெழுத்து வேணும். ஒரு கை அசையல, அந்தக் கைக்குச் சொல்ற மூளையும் அசையல.

அப்புறம் என்ன, கோர்ட்டுதான். மனுப் போட்டு, சத்தியக் கடுதாசி, டாக்டர் ரிப்போர்ட்டு, வக்கீலு, சொத்துப் பட்டியலு, மத்தப் புள்ளைங்களுக்கு ஆட்சேபணை உண்டான்னு கேட்டு எழுதறதுன்னு மாசக்கணக்குல இழுத்துச்சு, வெள்ளியும் ஆயிரக்கணக்குல போச்சு. கடைசியா அந்தம்மாவப் புருசனுக்கு 'டெபுட்டி'ன்னு கோர்ட்டு போட்டுது. இத்தன வருசம் அவருக்குச் சோறு போட்டவ அவருக்குப் பிரதிநிதின்னு ஒரு நீதிபதி எழுதிக் குடுக்க வேண்டியதாப் போச்சு. கோர்ட்ட நான் குத்தம் சொல்லல. கண்டவனும் வந்து நான்தான் சொந்தக்காரன்னு சொன்னா நம்பிட முடியுமா? அந்த மனுசன் தெளிவா இருக்கறப்பவே ஒரு நாளு ஒக்காந்து எழுதியிருந்தா இந்த அலைச்சல் இல்ல. "நாளைக்கு, நாளைக்கு"ன்னாரு. ஆனா நாலு நம்பர் சீட்டு மட்டும் புதன், சனி, ஞாயிறு தவறாம வாங்குனாரு, அதுக்கு நாளைக்குங்கல.

உயில் இருக்கேன்னு ஒங்கப்பன் சொல்லுவாரு பாரு. சொல்லுவாரு, எழுதி வச்சிருக்காருன்னு தெரியும். உயில் செத்தப்புறம் பேசும்டா. மனுசன் மூச்சு விட்டுக்கிட்டு இருக்கற வரைக்கும் அது வாயத் தொறக்காது. அந்த மீன்கொழம்புக்காரி புருசன் மாதிரி உசிரும் போவாம புத்தியும் வராமக் கெடக்கற காலம் இருக்கே, அந்த எடைவெளிக்குத்தான் இந்தப் பத்திரம்.

"ஊர்ல பவர் எழுதிக் குடுத்திருக்கேனே"ன்னும் சொல்லுவாரு. நானுந்தான் ஊரு நெலத்துக்குத் தம்பி பேருல பவர் குடுத்திருக்கேன். நான் இங்க கோப்பி குடிக்கறேன், அவன் அங்க குத்தகை வாங்கறான், அதுல பாதி வருது, மீதிக்கு ஒரம் வெலை ஏறிப்போச்சுங்கறான். அது கெடக்கட்டும். அந்தப் பவரு நான் தெளிவா இருக்கற வரைக்கும்தான். 1872ல வெள்ளக்காரன் எழுதி வச்ச ஒப்பந்தச் சட்டம் அங்க இன்னிக்கும் நடக்குது. எழுதிக் குடுத்தவன் செத்தாலும் புத்தி கெட்டாலும் முகவரோட அதிகாரம் முடிஞ்சிதுன்னு அதுல இருக்கு. இங்கயும் சாதாப் பவரு அப்படித்தான். என்னிக்குக் கொடை வேணுமோ, அதாவது மழ பெய்யற அன்னிக்கு, அந்தக் கொடை விரியாது. அதனாலதான் இங்க 2008ல மனத்திறன் சட்டம்னு ஒண்ணப் போட்டு, 2010லேருந்து நடைமொறைக்குக் கொண்டாந்தாங்க. இந்த எல்பிஏ தலைகீழ். எழுதுனவன் தெளிவா இருக்கற வரைக்கும் பேசாம ஒறங்கும். டாக்டரு இவருக்கு இனிமே முடிவெடுக்கத் திறன் இல்லன்னு எழுதிக் குடுத்தாத்தான் எந்திரிக்கும். இத மட்டும் மச்சாங்கிட்ட அழுத்திச் சொல்லு. எழுதிட்டா நாளைக்கே மவன் பேங்குக்குப் போயிடுவான்னு பயப்படறாரு பாரு, அது நடக்காது. புத்தி நல்லா இருக்கறப்ப மனசு மாறுனா ரத்தும் பண்ணிடலாம்.

ஊரு நெலத்துக்கு இது செல்லுமான்னு கேக்கறியா? அட, எல்லாத்தையும் ஒரே ஆப்பிளுக்குக் கேக்கறியே. இந்த ஊருப் பத்திரத்த வச்சிக்கிட்டு மன்னார்குடி ரிஜிஸ்தர் ஆபீசுல போயி நின்னா, டீ வாங்கிக் குடுத்து அனுப்புவான். இந்த மாதிரிப் பத்திரத்துக்கு அங்க சட்டமே இல்ல. நெனவில்லாமக் கெடக்கறவன் சொத்த விக்கறதுக்குப் பொண்டாட்டி புள்ள ஐக்கோர்ட்டுல போயி எங்களக் காப்பாளராப் போடுங்கன்னு மனுக் குடுக்குது. அதனால அந்த நெலத்த என்ன பண்றதுன்னு தெளிவா இருக்கறப்பவே முடிச்சிக்கச் சொல்லு ஒங்கப்பன.

சரி, யாருக்கு எழுதறது? இங்கதான்டா நம்ம ஆளுங்க சொதப்புவாங்க. மூத்தவனுக்குத்தான் எழுதணும், கொள்ளி போடறவன் அவந்தானேம்பாங்க. கொள்ளி போடறதுக்குக் கணக்குத் தெரிய வேண்டாம். இதுக்குத் தெரியணும். முறைய விடு, யோக்கியதையப் பாரு. இருவத்தோரு வயசு ஆவணும், திவாலானவனச் சொத்து வெவகாரத்துக்கு வைக்கக் கூடாது, அது சட்டம் சொல்றது. சட்டம் சொல்லாதத நான் சொல்றேன்: ஒங்கிட்டக் கடன் வாங்கிட்டுத் தெருவுல பாத்தா அந்தப் பக்கம் திரும்பிக்கறவன வைக்காதே. ஏன்டா குனியறே? ஒன்னச் சொல்லல. பொதுவாச் சொன்னேன்.

புது ஒறவுலயும் மயங்கிடாதே. புள்ளகுட்டி இல்லாத பணக்காரச் சீனப் பாட்டி, தனியா பங்களா, சொத்து சுமார் 4 கோடி வெள்ளின்னு பேப்பர்ல வந்துச்சே. பெய்ஜிங் பக்கம் சுத்திப் பாக்கப் போன எடத்துல வழிகாட்டியா வந்தவன் ஒருத்தன். மறு வருசம் இங்க வந்து பாட்டி வீட்டுலயே தங்கி, பேரன் ஒறவு கொண்டாடி, 2012ல எல்பிஏவே அவன் பேருக்கு எழுதி வாங்கிட்டான். ஒருத்தன் கூடவே இருந்து கஞ்சி ஊத்துனா எந்தக் கெழவிக்குத்தான் மனசு எளகாது? கடைசியில சொந்தக்காரப் பொண்ணு ஒண்ணு வழக்குப் போட்டு, 2014ல பத்திரம் ரத்தாச்சு. அவன் பதினோரு வருசத்துக்கு மேல செயில் தண்டனை வாங்குனான். 2016ல சட்டத்தையும் இறுக்குனாங்க. ஒங்கப்பன் இந்தக் கதையச் சொல்லித்தான் பத்திரமே வேண்டாம்பாரு. அவருக்கு நீ என்ன சொல்லணும்னா, அந்தக் கெழவி எழுதுனது தப்பில்ல, ஆளு தப்பு. நாம எழுதாம விட்டா ஆளையும் நாம பொறுக்க முடியாது.

ரெண்டு பேரப் போடலாம், அவங்கள்ல யாருக்காவது முடியாமப் போனா மாத்தாளுன்னு இன்னொருத்தரையும் போடலாம். ரெண்டு பேரும் சேந்துதான் முடிவெடுக்கணும்னும் எழுதலாம், தனித்தனியாவும் எடுக்கலாம்னும் எழுதலாம். ஒன்னையும் ஒன் தம்பியையும் சேந்துதான்னு போட்டுட்டா, மச்சானுக்குக் காலைப் பசியாறல் இட்லியா ரொட்டியான்னு தீர்மானிக்கறதுக்குள்ள மத்தியானச் சாப்பாடு வந்துடும். ஆனா தனித்தனியாப் போட்டா ஒருத்தன் செய்யறது மத்தவனுக்குத் தெரியாமப் போயிடும். எதுன்னு ஒங்கப்பன்தான் சொல்லணும். ஒங்க ரெண்டு பேரையும் வளத்தவரு அவருதானே, அவருக்குத் தெரியும்.

அப்புறம் ஒரு நல்ல சேதி. இந்தப் பத்திரத்த வச்சிக்கிட்டு எனக்கு எவனும் மறுகல்யாணம் பண்ணி வைக்க முடியாது. மதம் மாத்த முடியாது. உயில மாத்த முடியாது, மத்திய சேமநிதி யாருக்குப் போவணும்னு நான் எழுதுனதையும் தொட முடியாது. உசிரப் புடிச்சி வைக்கற மெசின எடுக்கறதா வேண்டாமாங்கறதும் இதுல கெடையாது, அதுக்கு வேற கடுதாசி. மீதி, எங்க தங்கறது, யாரு கவனிக்கறது, வீட்ட என்ன பண்றது, பேங்குக் காச எதுக்குச் செலவழிக்கறதுங்கறதெல்லாம் வரும். அதுவும் எனக்கு நல்லதா இருக்கணும், எடுக்கறவனுக்கு நல்லதா இருந்தாப் போதாது.

நான் எழுதுன அன்னிக்கு என்ன நடந்துச்சு தெரியுமா? ஆமாடா, எழுதிட்டேன். போன வருசமே. படிவத்த எல்லாம் இணையத்துல, சிங்பாஸ்ங்கற அரசாங்க அடையாளத்த வச்சு, தட்டிப்புட்டு, சான்று வாங்க ஒரு டாக்டருகிட்டப் போனோம். சீனப் புள்ள, என் பேத்தி வயசு இருக்கும். என்னக் கூட்டிக்கிட்டு வந்தவங்கள மொதல்ல வெளிய போகச் சொல்லிடுச்சு. எனக்கு அதுவே புடிச்சிது. அப்புறம் கதவச் சாத்திட்டு ஒவ்வொண்ணாக் கேட்டுச்சு. அதோட இங்கிலீசும் என்னோட இங்கிலீசும் ஒத்துவரல, ரெண்டு பேருக்கும் பசார் மலாய்தான் கைகுடுத்துச்சு. இது என்ன பத்திரம், யாருக்கு என்ன அதிகாரம் குடுக்கறீங்க, யாராவது மெரட்டி எழுதச் சொன்னாங்களா. "இவங்க ஒங்க சொத்த எல்லாம் எடுத்துக்கிட்டா என்ன பண்ணுவீங்க?"ன்னுச்சு. "நாப்பது வருசம் செம்பவாங் கப்பல் பட்டறையில வேல பாத்தவன் நானு, எடுக்கறவனுக்கு ஏமாத்தம்தான்"ன்னேன். சிரிக்கல. எழுதிக்கிச்சு. நல்ல டாக்டர்.

எதுக்கு எழுதுனேன்னா, அந்தக் கேரம் பலகைதான். தெனம் சாயங்காலம் கீழ புளோக்குக்கு அடியில பத்துப் பேரு ஆடறோம். 2015ல மனநலக் கழகத்துக்காரங்க அறுபது தாண்டினவங்கள்ல பத்துல ஒருத்தருக்கு மறதி நோய்னு கணக்குச் சொன்னாங்கன்னு ஒருத்தன் பேப்பர வாசிச்சான். பத்துத் தலையும் ஒரே நேரத்துல பக்கத்துல இருக்கறவனத் திரும்பிப் பாத்துச்சு. ஒருத்தனும் கண்ணாடியத் தேடல. நானும் பாத்தேன், பக்கத்துல இருந்தவனத்தான். ராத்திரிப் படுக்கறப்பதான் தோணுச்சு, அவன் யாரப் பாத்தான்?

சரி, ஒங்கப்பங்கிட்டப் பேச ஒரு வழி சொல்லித் தர்றேன். கையில படிவத்தோட போவாதே. ஒனக்கு நாப்பத்தொம்பது. சனிக்கெழமையானா மோட்டார் சைக்கிள எடுத்துக்கிட்டு ஜொகூர் பாலத்துல பறக்கறே. லாரிக்காரன் ஒன் பொறந்த தேதியப் பாத்தா இடிப்பான்? வீட்டுக் கடன் ஒன் கணக்குலேருந்து போவுது, தண்ணி பில்லு ஒன் போன்ல, மவ படிப்புக் காசு ஒன் பேருல. எந்தக் கணக்கு எங்க இருக்குன்னு ஒம் பொண்டாட்டிக்குத் தெரியுமா? தெரியாது. தாத்தாவோட அரணாக்கயிறுதான்டா, நீ போன்ல கட்டி வச்சிருக்கே. ரேகை வச்சாத்தான் தொறக்கும். அந்தச் சாவியாச்சும் கிளிங்னு சத்தம் போடும், ஒன்னோடது அதுவும் போடாது.

அதனால மொதல்ல நீ எழுது. எழுதிட்டு, ஒரு ஞாயித்துக்கெழம மச்சாங்கிட்டப் போயி, "அப்பா, நான் இந்த மாதிரி எழுதியிருக்கேன், எம்பொண்டாட்டியப் போட்டிருக்கேன், மாத்தாளா யாரப் போடறதுன்னு தெரியல, நீங்க சொல்லுங்க"ன்னு கேளு. யோசன கேட்டா அந்த மனுசனுக்கு ஒச்சந்தல குளுந்துடும். அரை மணி நேரம் ஒன் தம்பியோட குத்தங்கொறையெல்லாம் சொல்லுவாரு. கடைசியில "என்னோடதுக்கு யாரு"ன்னு அவரே கேப்பாரு. கேக்கலன்னா? கேக்கலன்னா எந்தங்கச்சி கேப்பா. அவகிட்ட நான் போன மாசமே சொல்லி வச்சிருக்கேன்.

என்னடா மொகத்துல ஒரு மாதிரி பிரகாசம்? ஓகோ. மாமன் யாரு பேருக்கு எழுதுனாருன்னு ஓடுதா மண்டையில? எந்திரிச்சுப் போயி அந்த அலமாரிக்கு மேல மிலோ டின் இருக்கு, எடு. பாத்து, மூடி இறுக்கம். மேல இருக்கறது மின்சார பில்லு, அதுக்கு அடியில நகல் இருக்கு. வாசி.

மொதப் பேரு எம் மவ, பெர்த்துல இருக்காளே. ரெண்டாவது யாரு? நல்லா வாசி. ஆமா. ஒம் பொண்டாட்டி. தனித்தனியாவும் முடிவெடுக்கலாம்னு போட்டிருக்கேன், மவ அஞ்சு மணி நேரம் பறந்து வர்ற வரைக்கும் இங்க ஒரு ஆளு வேணுமில்ல. அந்த டாக்டருகிட்டக் கூட்டிக்கிட்டுப் போனதும் அவதான்.

ஏன் ஒன் பேரு இல்லங்கறியா? போன வருசம் எனக்கு மாத்திர வாங்கியாரச் சொல்லி அவகிட்ட அம்பது வெள்ளி குடுத்தேன். மாத்திர, ரசீது, மீதி 2 வெள்ளி 40 காசு, மூணையும் ஒரு கவர்ல போட்டு, கவருக்கு மேல கணக்கும் எழுதிக் குடுத்தா. நீ 2019ல எங்கிட்ட வாங்குனது 300. எனக்கு ஞாவகம் இருக்கறப்பவே சொல்லி வைக்கறேன்.

இன்னொண்ணும் இருக்கு. இதுக்கு அவளும் சிங்பாஸ்ல போயி சம்மதம்னு தட்டணும். தட்டி ஒரு வருசம் ஆச்சு. ஒரே வீட்டுல, ஒரே மேசையில ஒங்கூட ஒக்காந்து சாப்புடறா. இன்னி வரைக்கும் ஒங்கிட்ட வாயத் தொறந்தாளா? அதுக்குத்தான்டா அவ.

சரி, மொகத்தத் தொங்கப் போடாதே. அந்த டின்ன மூடி இருந்த எடத்துலயே வையி. கீழ போயி ரெண்டு கோப்பி ஓ வாங்கியா, எனக்குச் சீனி வேண்டாம். காசு நீ குடு, 300லேருந்து கழிச்சிக்கறேன். ஆப்பிள் இங்கயே இருக்கட்டும்.